தோட்டத்துக்கு வரைபடம் எதற்கு? பிடுங்கி மாற்றினால் போதாதா?

கேள்வி, மார்ச் 3

வீடு கட்டி முடித்து ஆறு மாதம் ஆகிறது. முன்னால் 12 மீட்டருக்கு 8 மீட்டர், பின்னால் 9 மீட்டருக்கு 6 மீட்டர் காலி நிலம். முன்பக்கம் முழுக்கப் புல்வெளி, நடுவில் ஒரு கற்பாதை, ஓரமாக ஐந்து மரம். பின்னால் கல் பாவிய முற்றம். இவ்வளவுதான் ஆசை. வடிவமைப்பாளர் ஒருவர் நிலத்தை அளந்து வரைபடம் போடுவதற்கே தனிக் கட்டணம் கேட்கிறார். என் கருத்து, இது வீண் செலவு. நாமே நட்டுப் பார்ப்போம். சரியாக வரவில்லை என்றால் பிடுங்கி மாற்றினால் போயிற்று. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில், மார்ச் 3, இரவு

‘பிடுங்கி மாற்றினால் போயிற்று’ என்கிற இடத்தில்தான் எனக்கு இடிக்கிறது. பூச்செடியைப் பிடுங்கலாம். புதரைக்கூட ஒரு காலைப்பொழுதில் தோண்டி எடுத்து வேறிடம் மாற்றலாம். 54 சதுர மீட்டர் கல் பாவிய முற்றத்தை எப்படிப் பிடுங்குவீர்கள்?

நான் பிடுங்கினேன். அதனால்தான் சொல்கிறேன். எங்கள் பின்முற்றத்துக்குக் கல் பாவ வந்த மேஸ்திரி, முதல் நாள் காலையிலேயே கேட்டார், ‘வாட்டம் எந்தப் பக்கம் வைக்கட்டும்?’ வாட்டம் என்றால் தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. வேலைக்குக் கிளம்பும் அவசரம். ‘உங்களுக்குத் தெரியாததா’ என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிட்டேன். அவர் என்ன செய்வார், கிடந்த தரையின் போக்கிலேயே பாவிவிட்டார். கிடந்த தரை வீட்டைப் பார்த்துச் சரிந்திருந்தது. முதல் பெருமழையில் தண்ணீர் வாசற்படி ஏறி உள்ளே வந்தது. கற்களைப் பெயர்த்து, அடிப்படுகையைக் கலைத்து, மறுபடி போட 11 நாள் ஆனது. பாதிக் கல் பெயர்க்கும்போதே உடைந்தது.

மீட்டருக்கு 2 செ.மீ. வாட்டம், வீட்டைவிட்டு வெளிப்பக்கமாக. இதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 4

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். மீட்டருக்கு 2 செ.மீ. என்பது கல் பாவிய தரைக்கு. வெறும் மண்ணுக்கு அது போதாது. சுவரை ஒட்டிய மண் அஸ்திவாரம் தோண்டி மூடிய மண், பின்னால் அமிழும். அதனால் சுவரிலிருந்து முதல் 3 மீட்டரில் 15 செ.மீ. இறக்கம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு, அதாவது மீட்டருக்கு 5 செ.மீ. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியது என் தப்பு.

இன்னொன்று. அழகுக்காகச் சுவரோரம் பாத்தி கட்டி மண்ணை ஏற்றுவார்கள். ஈரத்தடுப்புப் பட்டை என்று அஸ்திவாரத்துக்கு மேல் கொத்தனார் வைத்திருப்பாரே, மண் அதற்கு 15 செ.மீ. கீழேயே நிற்க வேண்டும். மண் அதைத் தாண்டி ஏறினால் ஈரமும் சுவரில் ஏறும். அப்புறம் உள்ளே வண்ணப்பூச்சு உரியும், பழி பெயிண்டர் மேல் விழும்.

மார்ச் 6

‘தரை மட்டமாகத்தான் இருக்கிறது, பார்த்தாலே தெரிகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். பார்த்தால் தெரியாது. 12 மீட்டர் நீளத்தில் 20 செ.மீ. இறக்கத்தைக் கண் கண்டுபிடிக்காது, தண்ணீர் கண்டுபிடித்துவிடும்.

அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கண்ணாடிபோலத் தெரியும் மெல்லிய குழாய் 15 மீட்டர். அதில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் இரண்டு குச்சியில் பிடித்தால் இரு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். கொத்தனார்கள் டியூப் லெவல் என்பது இதைத்தான். வீட்டு மூலையில் ஒரு முனையை நிலையாகக் கட்டிவிட்டு, இன்னொரு முனையோடு இரண்டு மீட்டருக்கு ஒரு இடமாக நடந்து, தண்ணீர் மட்டத்துக்குத் தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று குறித்துக்கொண்டே போங்கள். நிலத்தின் ஏற்ற இறக்கம் அரை நாளில் காகிதத்துக்கு வந்துவிடும்.

குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் நிலத்தின் நடுவே 10 செ.மீ. மேடு இருப்பதாக ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். மேட்டை வெட்ட ஆளும் சொல்லியாயிற்று. கடைசியில் அது குமிழி.

மார்ச் 9

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். இந்த ஒற்றைக் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. கூரை 100 சதுர மீட்டர், ஒரு மழை 40 மி.மீ. என்றால் 4000 லிட்டர். அதை இரண்டு குழாய் வழியாக இரண்டு மூலையில் கொட்டுகிறோம். அந்த மூலைகளில் உங்கள் திட்டத்தில் என்ன இருக்கிறது? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், ஒன்றில் மரம், ஒன்றில் முற்றத்தின் முனை.

மழை பெய்யும்போது குடையோடு வெளியே போய் நில்லுங்கள். எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். தேங்கும் இடத்தில் எண் எழுதிய குச்சியை ஊன்றுங்கள். மழை நின்று ஒரு நாள் கழித்து எந்தக் குச்சியடியில் இன்னும் தண்ணீர் நிற்கிறது என்றும் பாருங்கள். நான் அப்படி நின்றபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் ஜன்னலைத் திறந்து, ‘சாவியைத் தொலைத்துவிட்டாயா?’ என்று கேட்டார்.

மார்ச் 10

மண்ணைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம்.

30 செ.மீ. ஆழம், அதே அகலம் ஒரு குழி. தண்ணீர் நிரப்பி முழுக்க வடியவிடுங்கள். மறுபடி நிரப்பி, இந்த இரண்டாவது முறை மட்டும் மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். மணிக்கு 2.5 முதல் 7.5 செ.மீ. வரை இறங்கினால் பெரும்பாலான செடிகளுக்கு நல்லது. அதற்குக் குறைவு என்றால் வேர் அழுகும் இடம். மிக வேகமாக இறங்கினால் மணற்பாங்கு, நீரும் உரமும் தங்காது.

என்ன மண் என்று தெரிய ஒரு கண்ணாடிச் சாடி போதும். மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், கொஞ்சம் சோப்புத்தூள். நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் படியும், வண்டல் சில மணி நேரத்தில், களி படிய ஒரு நாளோ இரண்டு நாளோ. அடுக்குகளை அளந்தால் விகிதம் கிடைக்கும்.

நான் செய்த தப்பு, ஒரே ஒரு குழி போட்டது. தோண்ட எளிதாக இருந்த இடத்தில் தோண்டினேன். கட்டடக்காரர்கள் உடைந்த செங்கல்லையும் கலவைக் கழிவையும் கொட்டி மேலே மண் தூவிய இடம் அது. தண்ணீர் அருமையாக இறங்கியது. அதை நம்பி மற்ற இடமெல்லாம் நட்டேன், வாடிப் போயின. லாரியும் ஜல்லி வண்டியும் ஆறு மாதம் ஓடிய மண், சாலைபோல இறுகியிருக்கிறது. உங்களுடையதும் புது வீடு. குறைந்தது மூன்று இடத்தில் தோண்டுங்கள், அதில் ஒன்று வண்டிகள் வந்துபோன தடத்தில். சிமெண்ட் கழிவு கலந்த மண்ணுக்குக் காரத்தன்மை கூடும். அமில மண் விரும்பும் செடிகள் அங்கே மஞ்சளாகும். அந்த இடத்தை வெட்டி அப்புறப்படுத்துவதுதான் நல்லது.

மார்ச் 15

வெயில். ‘எங்கள் நிலத்தில் எல்லா இடத்திலும் வெயில்தான்’ என்கிறீர்கள். இது மார்ச். ஒரு வருடம் காத்திருந்து பாருங்கள். காலை 8, நண்பகல், மாலை 4 மணிக்கு ஒரே இடத்தில் நின்று மாதம் ஒருமுறை படம் எடுங்கள். அதுவரை எதையும் நடாதீர்கள்.

மார்ச் 19

ஒரு வருடம் என்று எழுதியதைப் படித்துவிட்டு என் மனைவி சிரித்தாள். ‘நீங்கள் எத்தனை நாள் காத்திருந்தீர்கள்?’ பதினேழு நாள்.

சரி, அது அதிகப்படி. பின்வாங்குகிறேன். மழைநீரைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும், அதற்குக் காத்திருக்கலாம். நிழலைக் கணக்குப் போட்டே பிடிக்கலாம். சூரியன் தொடுவானத்திலிருந்து 45 பாகை (டிகிரி) உயரத்தில் இருந்தால் நிழலின் நீளம் சுவரின் உயரம்தான். 6 மீட்டர் உயர வீடு, சூரியன் 30 பாகையில் என்றால் நிழல் 10 மீட்டரைத் தாண்டும். 60 பாகையில் மூன்றரை மீட்டர். ஜூன் 21ஐ ஒட்டியும் டிசம்பர் 21ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் எங்கே நிற்கும் என்று பார்த்துக்கொண்டால் இரண்டு எல்லையும் கிடைத்துவிடும். இரண்டுக்கும் இடையே 47 பாகை வித்தியாசம். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவே வசிப்பவர்களுக்கு இன்னொரு வேடிக்கை உண்டு. வருடத்தில் ஒரு பகுதி, நண்பகல் நிழல் சுவரின் மறுபக்கத்தில் விழும். ‘எப்போதும் நிழல்’ என்று நினைத்த மூலையில் திடீரென்று உச்சிவெயில் அடிக்கும்.

காத்திருக்கும் நாளில் நிலத்தைச் சும்மா போடவும் வேண்டாம். ஒரு பருவத்தில் முடியும் செடிகளை விதையுங்கள், தொட்டிகளை வைத்து நகர்த்திப் பாருங்கள். இவை பிடுங்கக்கூடியவை, உங்கள் கொள்கை இங்கே சரி.

மார்ச் 19, அதே நாள்

தொட்டியை நகர்த்தும்போது இடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மண் நிறைத்த பிறகு நகர்த்த முயன்றவன் சொல்கிறேன்.

மார்ச் 27

ஐந்து மரம் பற்றி.

நர்சரியில் இடுப்புயரத்தில் நிற்கும்போது எல்லா மரமும் சாதுதான். இருபது வருடம் கழித்து அதன் விதானம், அதாவது கிளைகள் விரிந்து நிற்கும் பரப்பு, எவ்வளவு அகலம் என்று கேட்டு, அந்த அகலத்துக்குக் காகிதத்தில் வட்டம் வெட்டிப் படத்தின் மேல் வையுங்கள். 8 மீட்டர் விதானம் என்றால் 12 மீட்டர் முகப்பில் ஒன்று வைக்கலாம், நெருக்கினால் ஒன்றரை. ஐந்து என்பது காடு.

வேர் ஆணிபோல நேரே கீழே போகும் என்று பள்ளியில் படித்த படம் எல்லோர் மனதிலும் இருக்கிறது. வளர்ந்த மரங்களில் பெரும்பகுதி வேர் மேல் 60 செ.மீ. மண்ணுக்குள்தான் பக்கவாட்டில் பரவுகிறது, விதானத்தின் ஓரத்தைத் தாண்டி வெகுதூரம். வேர் நல்ல குழாயை உடைத்துக்கொண்டு போவது அபூர்வம். விரிசலிலும் இணைப்பிலும் கசியும் ஈரத்தைத் தேடிப் போய், உள்ளே நுழைந்து அடைக்கும். களிமண் நிலத்தில் வேறொரு ஆபத்து உண்டு. மரம் ஈரத்தை உறிஞ்ச, களி சுருங்க, அதன் மேல் நிற்கும் அஸ்திவாரம் இறங்கும்.

என் மரம் சுவரிலிருந்து 2 மீட்டரில் நின்றது. நட்ட அன்று எனக்கு அது பெரிய இடைவெளியாகத் தெரிந்தது. எட்டாவது வருடம் கிளைகள் கூரையைத் தேய்க்க ஆரம்பித்தன, பாதைக் கற்கள் தூக்கின. கிளை வெட்டினால் ஒரு பக்கம் மொட்டை, வேரை வெட்டினால் காற்றில் சாயும். வெட்டத்தான் வேண்டியிருந்தது. வெட்டிய அன்று அதில் ஒரு குருவிக்கூடு இருந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத முடியாது.

மார்ச் 28

நடும் முறையை யாரோ கேட்டார். குழி, வேர்க்கட்டியைப்போல (வேரோடு ஒட்டிவரும் மண் உருண்டை) இரண்டு மூன்று மடங்கு அகலம். ஆழம் வேர்க்கட்டியின் உயரம் மட்டுமே. தண்டு அடியில் விரிந்து வேராகும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். மூடாக்கு, அதாவது மண்ணை மூடப் போடும் சருகு போன்றவை, 5 முதல் 8 செ.மீ. போதும், தண்டிலிருந்து ஒரு கையகலம் தள்ளி. தண்டைச் சுற்றி எரிமலைபோலக் குவிக்கிறார்களே, பட்டை அழுகும்.

குழியடியில் ஜல்லி போட்டால் நீர் வடியும் என்று நான் முன்பு இங்கே வேறொரு கேள்விக்குப் பதிலில் எழுதியிருந்தேன். ஒருவர் அதைத் தோண்டியெடுத்துப் போட்டிருக்கிறார். தப்புதான். நுண்ணிய மண்ணில் உள்ள நீர், கரடான ஜல்லிக்குள் எளிதில் இறங்காது. மேல் மண் முழுக்க நனைந்து தளும்பும்வரை எல்லையிலேயே நிற்கும். ஜல்லி போட்டால் ஈரத் தேக்கம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது, அவ்வளவுதான். தொட்டிக்கும் இதே கதை.

ஏப்ரல் 4

முதல் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லவில்லை என்று உங்களுக்குக் கோபம். சரி.

வரைபடம் வேண்டும். அதை வடிவமைப்பாளர்தான் போட வேண்டும் என்பதில்லை. கட்டம் போட்ட தாளில் 1 செ.மீ.க்கு 1 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் உங்கள் முன்பக்கம் 12க்கு 8 செ.மீ. வீட்டின் இரண்டு மூலைகளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு மூலையிலிருந்தும் தூரம் அளந்தால் அதன் இடம் துல்லியமாக விழும். தண்ணீர்க் குழாய், கழிவுநீர்த் தொட்டி, மின்கம்பி, கூரைநீர் விழும் இடம், டியூப் லெவலில் எடுத்த உயரங்கள், குச்சி எண்கள், எல்லாம் இந்த ஒரே தாளில். ஆசைகளை இதன் மேல் டிரேசிங் தாள் வைத்து வரையுங்கள். ஆசையை மாற்றலாம், அடித்தாள் மாறாது.

பிறகு பாதை போகும் வழியில் தண்ணீர்க் குழாயைத் தரையில் வளைத்துப் போட்டு ஒரு வாரம் நடங்கள். நீங்கள் அதன் மேல் நடக்காமல் குறுக்கே போனால் பாதை அங்கேதான் வேண்டும். எங்கள் வீட்டில் நாய் இரண்டாம் நாளே சரியான பாதையைப் போட்டுவிட்டது. நான் கேட்கவில்லை. வளைவாகப் போட்டேன். இன்றைக்கும் வளைவில் யாரும் நடப்பதில்லை.

அகலம், இருவர் சேர்ந்து நடக்க 1.2 மீட்டர். நான் 60 செ.மீ. வைத்தேன். இரு பக்கப் புதரும் வளர்ந்த பிறகு அது பாதை என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

படி வந்தால் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா புளோந்தெல் 17ஆம் நூற்றாண்டில் சொன்ன கணக்கு இன்றும் வேலை செய்கிறது. படி உயரத்தின் இரு மடங்கோடு மிதியகலத்தை (கால் வைக்கும் இடத்தின் அகலம்) கூட்டினால் மனித நடையளவு வர வேண்டும், இப்போது 60 முதல் 65 செ.மீ. என்று வைத்துக்கொள்கிறார்கள். உயரம் 15, மிதி 33 என்றால் 63. தோட்டத்தில் தனியாக ஒரே ஒரு படி மட்டும் வைக்காதீர்கள், தடுக்கும். ஒன்றுக்குப் பதில் சரிவாக இறக்கிவிடுங்கள்.

ஏப்ரல் 5

எப்போது பணம் கொடுத்து ஆள் வைக்க வேண்டும்? மண்ணைத் தாங்கும் சுவர் இடுப்புயரத்தை நெருங்கினால், அல்லது அதன் மேல் வண்டியோ வீடோ நின்றால், பொறியாளர். அந்தச் சுவரைத் தள்ளுவதில் மண்ணுக்குச் சமமாக, பின்னால் தேங்கும் தண்ணீருக்கும் பங்குண்டு. வடிதுளை இல்லாத சுவர் வயிறு தள்ளி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல, உங்கள் தண்ணீர் அடுத்தவர் நிலத்துக்குப் போகும் சரிவு என்றாலும் கேட்டுச் செய்யுங்கள்.

கல் பாவும் ஒப்பந்ததாரரிடம் கல்லின் நிறத்தைவிட அடிப்படுகையைப் பற்றிக் கேளுங்கள். நடக்கிற பாதைக்கு இறுக்கிய ஜல்லி 10 முதல் 15 செ.மீ., அதன் மேல் இரண்டரை, மூன்று செ.மீ. மணல். வண்டி நிற்கும் இடத்துக்கு ஜல்லி இருமடங்கு. அதையும் மொத்தமாகக் கொட்டித் திமிசு (இடித்து இறுக்கும் கருவி) போட்டால் மேலே மட்டும்தான் இறுகும். 10 செ.மீ.க்கு மேல் போகாத அடுக்குகளாக இறுக்க வேண்டும். இதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

வெட்டிய மண் எங்கே போகும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். தோண்டினால் மண் கால் பங்கு உப்பும். 10 மீட்டர் நீளம், 1.2 அகலம், 25 செ.மீ. ஆழம் என்றால் 3 கன மீட்டர். வெளியே வந்தால் கிட்டத்தட்ட 4. என் வீட்டில் அது ஒன்பது மாதம் வாசலில் குன்றாக இருந்தது. மேல்மண்ணை மட்டும் தனியாகக் குவிக்கச் சொல்ல மறந்ததால் நல்ல மண் அடியில், களி மேலே.

ஏப்ரல் 5, சேர்க்கை

பாதை போடும் முன் அதன் குறுக்கே ஒரு பி.வி.சி. குழாயைப் புதைத்து இரு முனையையும் மூடி வையுங்கள். சொட்டுநீர்க் குழாயோ விளக்குக் கம்பியோ பின்னால் அதற்குள் போகும். நான் வைக்கவில்லை. பாதை போட்டு மூன்றாம் வாரம் உடைத்தேன்.

ஏப்ரல் 16

புல்வெளி. உங்கள் முன்பக்கம் 96 சதுர மீட்டர். புல்லுக்கு வளரும் காலத்தில் வாரத்துக்கு 25 மி.மீ. நீர் என்பது பொதுக் கணக்கு. மழை கொடுக்காததை நீங்கள் கொடுக்க வேண்டும். மழையே இல்லாத வாரம் 2400 லிட்டர். அதோடு வெட்டுவது, களை எடுப்பது, ஓரம் சீவுவது. வாரத்தில் தோட்டத்துக்கு எத்தனை மணி நேரம் தருவீர்கள் என்று உண்மையாக எழுதி வையுங்கள். நான் ஐந்து என்று எழுதினேன். உண்மை ஒன்றேகால்.

ஏப்ரல் 18

‘குழந்தைகள் விளையாடப் புல் வேண்டும்’ என்று பதில் வந்திருக்கிறது. அது நல்ல காரணம். அப்படியானால் பந்து ஓடும் அளவுக்கு ஒரே துண்டாக வையுங்கள், மீதியை மூடாக்கும் புதருமாக விடுங்கள். காரணமே இல்லாமல் மிச்ச இடத்தை நிரப்பும் புல்லைத்தான் நான் எதிர்க்கிறேன்.

கல்பெஞ்சுக்கும் அதே கேள்விதான். படத்தில் அழகாக இருந்ததால் தோட்டக் கோடியில் ஒன்று வைத்தேன். நான்கு பேர் சேர்ந்து தூக்கினோம். காலையில் ஈரம், பகலில் சூடு, மாலையில் கொசு. ஏழு வருடத்தில் அதில் உட்கார்ந்தவர்கள் அந்த நான்கு பேர்தான், வைத்து முடித்த களைப்பில்.

மே 22

கேள்வி கேட்டவர் படம் போட்டிருக்கிறார். முதல் மழை, ஏழு குச்சி, கையால் போட்ட அடித்தாள். வடிவமைப்பாளரை இரண்டு மணி நேர ஆலோசனைக்கு மட்டும் கூப்பிடப் போகிறாராம், அந்தத் தாளோடு. நல்ல ஏற்பாடு. எனக்குத் தோன்றாமல் போனது.

இரண்டு விஷயம். 4ஆம் குச்சியில் மூன்றாம் நாளும் தண்ணீர் நிற்கிறது, அங்கேதான் பெரிய மரத்தின் வட்டம் இருக்கிறது. வட்டத்தை 2ஆம் குச்சிக்கு நகர்த்துங்கள். 4இல் ஆழமில்லாத பள்ளம் வெட்டி, ஈரமும் வறட்சியும் இரண்டையும் தாங்கும் செடிகளை வையுங்கள், கூரைத் தண்ணீரை அதற்குத் திருப்பலாம். சுவரிலிருந்து 3 மீட்டருக்குள் மட்டும் அந்தப் பள்ளம் வரக் கூடாது.

மே 22, இரவு

5ஆம் குச்சிக்கும் 6ஆம் குச்சிக்கும் நடுவே 10 செ.மீ. மேடு காட்டியிருக்கிறீர்கள். குழாயைத் தட்டிப் பார்த்தீர்களா?

மே 23

குமிழிதானாம்.